இல்லாத மனிதருக்குக் கிடைத்த வீடு

நான் வில்லியனூர் கடைத்தெருவில், ஒரு மாடிப்படிக்குக் கீழே இருக்கும் சின்ன லேபில் வேலை செய்கிறவள். ரத்தம், சளி, மூத்திரம், மலம் எல்லாம் என் கைக்குத்தான் வந்து சேரும். சிலர் மலத்தை ஸ்வீட் டப்பாவில் போட்டுக் கொண்டுவருவார்கள், கடைப் பெயர் அச்சடித்த மூடியோடு. அதைத் திறந்து, குச்சியால் எடுத்து, கண்ணாடியில் தடவிப் பார்த்துவிட்டு, கை கழுவிக்கொண்டு போய் என்னால் நிம்மதியாகத் தயிர்சாதம் சாப்பிட முடியும். அருவருப்பு எனக்கு லேசில் வராது என்பதற்காகச் சொல்கிறேன். விவாகரத்துக்குப் பிறகு குடியிருக்க ஓர் ஊர் தேடி அலைந்த மாதங்களில்தான் எனக்கு நிஜமாகவே குமட்டிக்கொண்டு வந்தது.

இருபத்திரண்டு வருஷக் கல்யாணம். அவர் குடிக்கவில்லை, அடிக்கவில்லை, வேறு பெண்ணிடம் போகவில்லை. பேசவில்லை, அவ்வளவுதான். கடைசி ஏழெட்டு வருஷம் எங்கள் வீட்டில் "சோறு", "சாவி", "கரண்டு போச்சு" என்பதற்குமேல் பேச்சே கிடையாது. பிள்ளைகளும் இல்லை. கோர்ட்டில் இரண்டு பேரும் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டோம். வெளியே வந்து பைக்கில் ஏறும்போது "மழ வரும்போல இருக்கு" என்றார். பல வருஷங்களில் அவராக வாயைத் திறந்து என்னிடம் சொன்ன முழு வாக்கியம் அதுதான். டவுனில் நாங்கள் இருந்த வீடு அவருடைய அப்பா கட்டியது. நான் இரண்டு சூட்கேஸோடு வில்லியனூருக்குப் பக்கத்தில் இருக்கும் அண்ணன் வீட்டுக்கு வந்தேன்.

அது முழுக்கக் கிறிஸ்தவர்கள், எங்கள் பேச்சில் வேதக்காரர்கள், இருக்கும் தெரு. நாங்களும் வேதக்காரர்கள்தான். கோர்ட் பிரித்தாலும் கோயில் பிரிக்காது என்று அண்ணி முதல் நாளே சொல்லிவிட்டார். அதைக் கோபமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்கு நானும் கத்தியிருப்பேன். சாம்பார் ஊற்றிக்கொண்டே, பாசமாகச் சொன்னார். ஒவ்வொரு வாரமும் ஒவ்வொரு வீட்டில் அன்பியம் என்று ஜெபக் கூட்டம் நடக்கும். நான் வந்த பிறகு எங்கள் வீட்டின் முறை வந்தது. பதினைந்து இருபது பெண்கள் ஹாலில் பாய் விரித்து உட்கார்ந்தார்கள். ஜெபமாலை முடிந்ததும் ஒருத்தி எழுந்து, "பிரிஞ்சு வாழ்ற தம்பதிகளுக்கு நல்ல மனச குடும் ஆண்டவரே, கல் நெஞ்ச கரைய வையும்" என்று வேண்டினாள். எல்லோரும் என்னைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார்கள். யாருடைய நெஞ்சு கல் என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் அண்ணி, "சுண்டல் எடுத்தாம்மா" என்றார். என் நெஞ்சு கரையவேண்டும் என்று வேண்டிக்கொண்ட அத்தனை பேருக்கும் நானே தட்டில் சுண்டல் வைத்துக் கொடுத்தேன். அவர்களும் நன்றாகச் சாப்பிட்டார்கள். ஒருத்தி இன்னொரு தட்டு கேட்டாள்.

மறுநாள் காலையில் அண்ணனிடம், வேறு ஊரில் வீடு பார்த்துக்கொள்கிறேன் என்றேன். அவர் பேப்பரிலிருந்து தலையை எடுக்காமல், "ஒத்தப் பொம்பளைக்கு எவன் வூடு குடுப்பான்?" என்றார். வீம்பாகக் கிளம்பினேன். ஸ்கூட்டியில் லேபுக்கு வந்துபோகிற தூரத்தில் இருந்தால் போதும். கதவைத் திறந்து உள்ளே போனால் எனக்காக யாரும் ஜெபம் செய்யக்கூடாது, காரணம் கேட்கக்கூடாது. இவ்வளவுதான் நான் கேட்டது. இது என்ன பெரிய ஆசையா?

பாகூர் பக்கம் வீடு பார்த்துக் கொடுக்கும் புரோக்கர் ஒருவரைப் பிடித்தேன். வெள்ளைச் சட்டை, வாய் நிறையப் பாக்கு. பேசும்போது முகவாயைத் தூக்கிக்கொண்டு பேசுவார், இல்லாவிட்டால் எச்சில் வழியும். முதல் கேள்வியே, "சார் இன்னா பண்றாரு?"

"டைவர்ஸ் ஆயிடுச்சு."

பாக்கைத் துப்பிவிட்டு வந்தார். "அத்த யாருகிட்டயும் சொல்லிடாதீங்கம்மா. மத்தத நான் பாத்துக்கறேன்."

அபிஷேகப்பாக்கத்தில் ஒரு மாடி வீடு. ஜன்னலைத் திறந்தால் நேராக வயல். நடவு முடிந்து ஒரு மாதம் ஆகியிருக்கும், பச்சை கண்ணைப் பறித்தது. எனக்குப் பிடித்துப்போனது. வீட்டுக்காரர் ரிட்டையரான ஆள். நான் புரோக்கர் பேச்சைக் கேட்காமல் உண்மையைச் சொன்னேன். "ரொம்ப ரொம்ப கஷ்டம்மா" என்று தலையை ஆட்டினார். ஆம்பிளை யாரும் மாடிக்கு வரக்கூடாது, அண்ணனாக இருந்தாலும் கீழே உட்காரவைத்துப் பேசி அனுப்பவேண்டும், தெருவில் மரியாதையான குடும்பங்கள் இருக்கின்றன என்று கண்டிஷன் போட்டார். போட்டுவிட்டு, குழாயில் தண்ணீர் எப்படி வருகிறது என்று காட்டுவதற்காக பாத்ரூம் வாசலை அடைத்துக்கொண்டு நின்றார். நான் வெளியே வருவதற்கு அவரை உரசித்தான் வரவேண்டும். குடையை முன்னால் நீட்டினேன், நகர்ந்தார். மறுநாள் விடியற்காலையில் போனில் ஒரு ரோஜாப்பூ, "இனிய காலை வணக்கம்". அடுத்து ஒரு குழந்தை கைகூப்பும் படம். மதியம், "சாப்டீங்களா". ஆம்பிளை வரக்கூடாது என்று அவர் சொன்னதில் அவர் சேர்த்தி இல்லை போலிருக்கிறது.

புரோக்கரிடம் சொன்னேன். "பெரிய மனுஷன்மா. பாசமா பழகுவாரு" என்றார்.

கரையாம்புத்தூர்ப் பக்கம் மாநில எல்லையோரமாக ஒரு வீடு காட்டினார். நம் பக்கத்தில் சரக்கு மலிவு என்பதால் அந்தப் பக்கத்து ஆட்கள் சாயங்காலமானால் பைக்கில் வந்து இறங்குவார்கள். குடித்துவிட்டுத் திரும்பும்போது அவர்களுக்கு ஒரு சுவர் வேண்டும். அந்தச் சுவர்தான் எனக்குக் காட்டிய வீட்டின் சுவர். அடியில் சுண்ணாம்பு உரிந்து செங்கல் மஞ்சளாகிக் கிடந்தது. வாசற்படியில் ஒருவன் வாந்தி எடுத்துவிட்டு அதன் பக்கத்திலேயே, முந்திரிக்கொட்டையைப் போல் சுருண்டு படுத்திருந்தான். வீட்டுக்காரி அவனைத் தாண்டி வந்து கதவைத் திறந்து, "ஒரு வாரம், பழகிப்பூடும்" என்றாள். எனக்கு மூத்திரமும் வாந்தியும் புதிது இல்லை. ஆனால் லேபில் அதற்கு மூடி உண்டு. வேண்டாம் என்று வந்துவிட்டேன்.

இப்படியே இன்னும் சில வீடுகள். ஓர் இடத்தில் என் நெற்றியை உற்றுப் பார்த்தார்கள், இன்னொரு இடத்தில் கழுத்தை. இரண்டாம் கல்யாணத்துக்கு ஒரு ஆள் இருக்கிறார், வீடும் சேர்ந்தே கிடைக்கும் என்று ஒரு அம்மாள் சொன்னார். ஆளுக்கு அறுபத்தெட்டு வயது, சர்க்கரை, கால் விரல் எடுத்திருக்கிறதாம். பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமாம். லேபில் வேலை என்றதும் அந்த அம்மாளுக்கு முகம் மலர்ந்ததற்குக் காரணம் அப்போதுதான் புரிந்தது.

கடைசியாகத்தான் பாகூர். ஏரிக்கரைப் பக்கம், சுத்தமான கீழ்வீடு, முன்னால் ஒரு நார்த்தை மரம். வீட்டுக்காரம்மா மாடியில் புருஷனோடு இருந்தார். அறுபதைத் தொட்ட வயது, முழு முகத்துக்கும் மஞ்சள். மேலிருந்து கீழ் வரை என்னை ஒரு பார்வை பார்த்தார்.

"தனியாவா வந்துகீறீங்க? வூட்டுக்காரரு வரலியா?"

"அவர் என்கூட இல்லை" என்றேன். அன்றைக்கு நல்ல வெயில், பசி வேறு. அடுத்ததையும் சொல்லத்தான் மூச்சை இழுத்தேன்.

"வேதக்காரங்களா? பிரான்ஸ்ல கீறாரா?" என்றார் அந்த அம்மாள்.

எங்கள் பக்கத்தில் இது பெரிய விஷயம் இல்லை. தாத்தாவோ மாமாவோ பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்ததாலேயே சொல்தா குடும்பம் என்று பெயர் வாங்கி, பாதிப் பேர் அங்கே, பாதிப் பேர் இங்கே என்று வாழ்கிறவர்கள் டவுனில் நிறைய உண்டு. வேலைக்குப் போகிற, தனியாக இருக்கிற, நடுவயதுக்காரி, அதுவும் வேதக்காரி என்றால் புருஷன் பிரான்ஸில்தான் இருக்கவேண்டும் என்று இங்கே யாருக்கும் தோன்றும். நான் பதில் சொல்வதற்குள் புரோக்கர் முகவாயைத் தூக்கி, "ஆமாம்மா, பாரீஸு" என்றார். அந்த அம்மாள் சிரித்துக்கொண்டே, "அப்ப உள்ள வாம்மா, மோரு சாப்புடு" என்றார். நான் உள்ளே போனேன். மோர் நன்றாக இருந்தது.

அந்த வாரமே குடிவந்தேன். அன்றிலிருந்து பிரான்ஸிலிருந்த மனிதர் வளர ஆரம்பித்தார். "சார் போன் பண்ணாரா?" என்று காலையில் கேட்பார்கள். வீட்டுக்காரம்மாவின் புருஷன், "அங்க ஏர்போர்ட்லயா வேல?" என்றார். நான் "ம்" என்றேன். அந்த ஒரு "ம்"மில் தெருவுக்கே நான் ஏர்போர்ட்டுக்காரர் சம்சாரம் ஆகிவிட்டேன். பால்காரர் வண்டியை நிறுத்தி வணக்கம் வைத்தார். என் கேஸ் சிலிண்டரை யாரோ கேட்காமலேயே உள்ளே தூக்கி வைத்தார்கள். எனக்குக் காய்ச்சல் வந்தபோது வீட்டுக்காரம்மா கஞ்சி கொண்டுவந்து, "சாரு இருந்தா இப்பிடி வுட்டுருப்பாரா?" என்றார். நிஜமாக இருந்த மனிதர், நான் டெங்குவில் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது வராந்தாவில் உட்கார்ந்து பேப்பர் படித்தவர். அவரோடு இருபத்திரண்டு வருஷம் குடும்பம் நடத்தியும் எனக்குக் கிடைக்காத மரியாதையை, பிறக்கவே பிறக்காத ஒருவன் வாங்கிக் கொடுத்தான். கிறிஸ்துமஸுக்கு அவர் வரவில்லையா என்று கேட்டார்கள். லீவு கிடைக்கவில்லை என்றேன். சொல்லிவிட்டுக் கதவை மூடியதும் எனக்கு அவன்மேல் நிஜமாகவே கோபம் வந்தது, ஒரு நாலு நாள் லீவு போட்டால் என்ன என்று. பிறகு என்மேலேயே காறித் துப்பலாம் போல் இருந்தது.

இருந்தும் காலி பண்ண மனம் வரவில்லை. சாயங்காலம் கதவைச் சாத்திக்கொண்டு, நைட்டியோடு, காலை நீட்டி உட்கார்ந்து, நானே போட்ட டீயைக் குடிப்பேன். ஏரியிலிருந்து காற்று வரும். நான் கேட்டது இது ஒன்றுதானே. அதை விட்டுவிட்டுப் போனால் மறுபடியும் அண்ணன் வீட்டு ஹால்தான்.

மாசி மாதம் வாக்கில் வீட்டுக்காரம்மாவின் மகள் ஒரு கட்டைப் பையோடு வந்து இறங்கினாள். இருபத்தைந்து இருபத்தாறு வயது, கடலூரில் கொடுத்திருந்தார்கள். இரண்டு நாள் மாடியில் அழுகைச் சத்தம், அதற்குமேல் அதட்டல். மூன்றாம் நாள் என்னை மேலே கூப்பிட்டார்கள். மகள் கட்டிலில் முட்டியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"நீயே சொல்லும்மா இவளுக்கு" என்றார் வீட்டுக்காரம்மா. "மாப்ள வேலைக்குப் போறப்ப வூட்ட வெளில பூட்டிக்கினு பூடறாராம். போன எடுத்துக்கினு பூடறாராம். இதுக்குன்னு ஒருத்தி பொட்டியத் தூக்கிக்கினு வருவாளா?"

"வெளியில பூட்டுறானா?" என்றேன்.

"பாசம்மா. சின்ன வயசு, அழகா வேற கீறா. பாசத்துல பூட்றாரு."

குமட்டல் எனக்கு அடிவயிற்றிலிருந்து கிளம்பியது. எத்தனையோ டப்பாக்களைத் திறந்தவள் நான், இப்படி ஒரு நாற்றத்தை முகர்ந்ததில்லை. அவர் நிறுத்தவில்லை. மகளின் பக்கம் திரும்பி, "அக்காவப் பாருடி. புருஷன் கடல் தாண்டிக் கீறாரு. ஒரு வார்த்த கொற சொல்லியிருப்பாங்களா? அவரு பேரக் காப்பாத்திக்கினு கெத்தா இல்ல? பொம்பளன்னா அப்பிடி இருக்கணும்" என்றார். அந்தப் பெண் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். அண்ணன் வீட்டு ஹாலில் பாய் விரித்து உட்கார்ந்திருந்த பெண்களில் ஒருத்தியாக நான் ஆகிக்கொண்டிருந்தேன். இன்னும் ஒரு "ம்" சொன்னால் போதும். வீடு எனக்கு, பூட்டு அவளுக்கு.

"எனக்குப் புருஷன் இல்ல" என்றேன் அவளிடம். "பிரான்ஸ்லயும் இல்ல, எங்கயும் இல்ல. கோர்ட்டுக்குப் போய் முடிச்சிட்டு வந்தவ நான். எங்க ஆளு என்னைப் பூட்டக்கூட இல்ல, பேசல, அவ்வளவுதான். அதுக்கே வந்துட்டேன். நீ போகாத."

வீட்டுக்காரம்மா அதிர்ந்துபோவார், கத்துவார் என்று எதிர்பார்த்தேன். அவர் எழுந்துபோய் முதலில் ஜன்னலைச் சாத்தினார். பிறகு தணிந்த குரலில் சொன்னார்.

"எனக்குத் தெரியாதா? அன்னிக்கு வாசல்ல வந்து நின்னப்பவே ஒம் மூஞ்சிலயே எழுதியிருந்திச்சு. பாவம்னு நாந்தானே பிரான்ஸான்னு எடுத்துக் குடுத்தேன்? இந்தத் தெருவுல யாருக்குத் தெரியாது? பால்காரனுக்குக் கூடத் தெரியும். நாலு பேருக்குச் சொல்றதுக்கு ஒண்ணு வேணும், அத்தக் குடுத்தேன். வச்சிக்கினு ஒழுங்கா இருக்கத் தெரியல ஒனக்கு. எம் பொண்ணு காதுல போட்டுட்டியே."

இத்தனை மாதமும் நான் யாரையும் ஏமாற்றவில்லை. தெருவே கூடி, தெரிந்தே, ஏர்போர்ட்டுக்காரருக்கு வணக்கம் வைத்திருக்கிறது. நான் புருஷனை விட்டு வந்தவள் என்பது அவர்களுக்குப் பிரச்சினையே இல்லை. அதை வாய்விட்டுச் சொல்வதுதான் அசிங்கம். கிறிஸ்துமஸுக்கு ஏன் வரவில்லை என்று முகத்தைச் சுளிக்காமல் கேட்டார்களே, அந்தக் கேள்வியை நினைத்தால் இப்போதும் எனக்கு உடம்பு கூசுகிறது. அதில் கருணையும் இருந்தது என்று தெரிந்ததில் இன்னும் கூசியது.

மாதக் கடைசிக்குள் காலி பண்ணச் சொன்னார். மகளை மறுநாள் காலையிலேயே அப்பா கடலூர் பஸ்ஸில் ஏற்றிக் கூட்டிக்கொண்டு போனார். என் வாசலைத் தாண்டும்போது அவள் திரும்பிப் பார்க்கவில்லை. உண்மையைச் சொல்லி எனக்கு வீடு போனதுதான் மிச்சம், அவளுக்கு ஒரு பைசாவுக்குப் பிரயோஜனம் இல்லை என்று நினைத்தேன்.

பாகூரை விட்டுப் போகக்கூடாது என்று ஒரு பிடிவாதம் வந்தது. புரோக்கரைக் கூப்பிடவில்லை. நானே தெருத்தெருவாகப் போனேன். கதவைத் திறந்ததும் முதல் பேச்சாக, "டைவர்ஸ் ஆனவ, ஒத்தையா இருக்கேன், வூடு வாடகைக்கு இருக்கா?" என்று கேட்டேன். நிறையக் கதவுகள் அந்த வாக்கியம் முடிவதற்குள் சாத்திக்கொண்டன. கடைசியில் ஒரு அரிசி மில்லுக்குப் பின்னால் ஓர் ஓட்டு வீடு கிடைத்தது. புழுங்கலுக்கு நெல் ஊறப்போடும் தொட்டி பத்தடி தள்ளி. அந்தத் தண்ணீர் புளித்துப்போய் நாறும் பாருங்கள், துணி, தலைமயிர், குடிக்கிற தண்ணீர் எல்லாவற்றிலும் ஏறிவிடும். யாரும் மூன்று மாதத்துக்குமேல் தங்கியதில்லையாம். வீட்டுக்காரர், "ஒனக்கு ஆளு இருந்தா இன்னா இல்லாட்டி இன்னா, மொதல்ல ஒரு நாளு தூங்கிப் பாரு" என்றார். தூங்கினேன். வாயில் துணியைக் கட்டிக்கொண்டு தூங்கினேன். ஆனால் நன்றாகத் தூங்கினேன்.

குடிபோய் இரண்டு மாதம் இருக்கும். லேபில் மதிய நேரம், கூட்டம் இல்லை. பெஞ்சில் யாரோ வந்து உட்கார்ந்தார்கள். பார்த்தால் அந்தப் பெண். தலை வாரவில்லை, ஒரு காலில் மட்டும் கொலுசு. பக்கத்து வீட்டுக்காரி கல்லால் பூட்டை உடைத்துவிட்டாளாம். அப்படியே பஸ் ஏறி வில்லியனூருக்கு வந்திருக்கிறாள்.

"அம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சா திருப்பி அனுப்பிடும்க்கா." ஒற்றைக் கொலுசைத் திருகிக்கொண்டே கேட்டாள். "ஒங்க வூட்ல ரெண்டு பேரு இருக்கலாமா?"

எனக்கு ஒன்றும் மனம் நெகிழவில்லை. எரிச்சல்தான் வந்தது. நாற்பத்தெட்டு வயதில், இவ்வளவு கேவலப்பட்டு, எனக்கே எனக்கு என்று ஒரு கதவு கிடைத்திருக்கிறது. அதற்குள் ஒருத்தி வந்து நிற்கிறாள்.

"அந்த வூடு நாறும்டி" என்றேன். "மில்லுத் தொட்டி. சோறு எறங்காது ஒனக்கு."

"நாறட்டும்க்கா" என்றாள். "வெளிய பூட்ட மாட்டீங்க இல்ல?"

கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டு, சாவியை எடுத்து அவளிடம் கொடுத்தேன்.